சுவருக்கு எவ்வளவு மினுக்கம் வேண்டும்?
பெயின்ட் வாங்குமுன் தெரிந்துகொள்வோம்



தீபாவளி முற்பணம் கைக்கு வரப்போகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு துணிமணி. அடுத்த பேச்சு பெயின்ட். "இந்தத் தடவையாவது காம்பராவுக்கு நல்ல பெயின்டா அடிச்சிருவோம்" என்று வீட்டுக்கு வீடு சொல்வதைக் கேட்கிறோம். நல்ல ஆசைதான். சுத்தமான சுவர் வீட்டுக்கு அழகு மட்டுமல்ல, பிள்ளைகளின் சுகத்துக்கும் அவசியம்.

ஆனால் ஹாட்வெயார் கடையில் நடப்பது என்ன? நிற அட்டையை விரித்து "எந்தக் கலர் வேணும்?" என்று கேட்கிறார்கள். நாமும் ரோஸா, பச்சையா என்று பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். நிறத்துக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அந்தப் பெயின்ட் காய்ந்த பிறகு மினுங்குமா, மங்கலாக இருக்குமா, எவ்வளவு மினுங்கும் என்பதே அது. நிறம் பிழைத்துப் போனால் கண்ணுக்கு மட்டும்தான் குறை. மினுக்கம் பிழைத்துப் போனால் போட்ட காசு அடுத்த அடைமழையோடு சுவரிலிருந்து உரிந்து கீழே விழுந்துவிடும்.

எந்தச் சுவருக்கு எவ்வளவு மினுக்கம் பொருந்தும் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம். பெயின்ட் வாங்கும் உத்தேசம் உள்ளவர்கள் வீட்டில் எல்லாரும் கேட்கும்படி வாசியுங்கள்.

மினுக்கம் எப்படி வருகிறது?

எந்தப் பெயின்டிலும் முக்கியமாக மூன்று பொருள் இருக்கிறது. ஒன்று, நிறம் தரும் தூளும் அதோடு சேர்க்கும் வெள்ளைத் தூளும். இரண்டாவது, அந்தத் தூளைச் சுவரில் ஒட்டிப் பிடித்திருக்கும் பசை. மூன்றாவது, பூசுவதற்கு இளக்கமாக வைத்திருக்கும் தண்ணீர் அல்லது டின்னர். பூசிய பிறகு தண்ணீரோ டின்னரோ ஆவியாகிப் போய்விடும். தூளும் பசையும்தான் சுவரில் மிஞ்சும்.

தூள் கூடவும் பசை குறைவாகவும் இருந்தால், காய்ந்த பிறகு தூள் மணிகள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். வெளிச்சம் அதில் பட்டு நாலாபக்கமும் சிதறும். சுவர் மங்கலாகத் தெரியும். பசை கூடினால் தூள் எல்லாம் அதற்குள் அமிழ்ந்துவிடும். மேற்பரப்பு வழுவழுப்பாகி, வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும். அதைத்தான் நாம் மினுக்கம் என்கிறோம். சாணம் மெழுகிய தரையையும் சிவப்பு பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையையும் நினைத்துப் பாருங்கள், வித்தியாசம் விளங்கும்.

இந்த ஒரு காரணத்திலிருந்து மூன்று விடயங்கள் பிறக்கின்றன.

முதலாவது, மினுங்கும் சுவரை ஈரத்துணியால் துடைக்கலாம். கரி, எண்ணெய், கைப்பாடு எல்லாம் மேலோடு நின்றுவிடும். மங்கல் சுவரில் அழுக்கு உள்ளே இறங்கிவிடும். தேய்த்தால் பெயின்டும் சேர்ந்து வந்துவிடும்.

இரண்டாவது, மினுக்கம் சுவரின் குறையைக் காட்டிக்கொடுக்கும். மேடு பள்ளம், ஒட்டுப்போட்ட இடம், வெடிப்பு எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும். மங்கல் அதை மறைத்துவிடும்.

மூன்றாவதுதான் நமக்கு மிக முக்கியம். மினுக்கம் கூடக் கூட, பூச்சு ஒரு பொலித்தீன் தாளைப் போலாகிவிடும். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகும். வெளியே வர முடியாத ஈரம் பூச்சைத் தள்ளும். முதலில் கொப்புளம் போடும், பிறகு உரியும்.

கடையில் எப்படிக் கேட்பது?

மினுக்கத்தின் வரிசையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். கீழிருந்து மேலாகச் சொல்கிறோம்.

1. சுண்ணாம்பு: மினுக்கமே இல்லை. சுவர் தாராளமாக மூச்சுவிடும். விலையும் குறைவு. சுண்ணாம்பில் காரம் இருப்பதால் புதிதாகப் பூசிய சுவரில் பூஞ்சணம் இலேசில் பிடிக்காது. ஆனால் உடுப்பில் ஒட்டும், துடைக்க முடியாது.

2. மெட்: தண்ணீர் கலந்து பூசும் எமல்ஷன் பெயின்டில் மினுக்கம் இல்லாத வகை. குறைகளை மறைக்கும். ஓரளவுதான் துடைக்கலாம்.

3. சில்க் அல்லது செமி குளொஸ்: இதிலும் தண்ணீர் கலக்கும் வகைகள் உண்டு. இளம் மினுக்கம். ஈரத்துணியால் துடைக்கலாம்.

4. குளொஸ் எனமல்: எண்ணெய்ப் பெயின்ட் என்று நாம் சொல்வது. டின்னர் கலந்து பூசுவது. கண்ணாடி மாதிரி மினுங்கும். மரத்துக்கும் இரும்புக்கும் உரியது.

"எமல்ஷன் குடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத் தருவார். "எமல்ஷன்ல மெட் வேணும்" என்றோ "சில்க் வேணும்" என்றோ தெளிவாகக் கேளுங்கள். டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் படிப்பு இப்படியான இடங்களிலும் உதவட்டும்.

முதலில் சுவரைக் கேளுங்கள்

நம் மலைநாட்டில் பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் பெயின்ட் காரணமல்ல. சுவரின் ஈரமே காரணம். பழைய லயங்கள் பல, கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. அடியிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் தடுப்பு அவற்றில் கிடையாது. லயத்தின் பின்புறம் மண் மேடாக இருக்கும். கான் அடைபட்டிருந்தால் மழைத் தண்ணீர் சுவரோடு தேங்கி நிற்கும். அந்த ஈரம் கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஏறி, காம்பராவுக்குள் இடுப்பளவு உயரத்துக்கு வந்துவிடும்.

இப்படிப்பட்ட சுவரில் விலை கூடிய குளொஸ் பெயின்ட் அடித்த வீடுகளைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறோம். பண்டிகைக்கு ஜோராக இருக்கும். அடுத்த ஆனி, ஆடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பிள்ளைகள் அதை நகத்தால் உரித்து விளையாடும். வட்டிக்கு வாங்கிய கடன் தீருமுன் பெயின்ட் தீர்ந்துவிடும்.

ஆகவே வாங்குமுன் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். காசு செலவில்லை. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு தெளிவான பொலித்தீன் துண்டை வெட்டி, சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காற்றுப் புகக்கூடாது. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்று, நெஞ்சளவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டுவது நல்லது. ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளி இருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவருக்கு மினுக்கம் ஆகாது. சுண்ணாம்புதான் சரி.

பொலித்தீனின் வெளிப்பக்கம், அதாவது காம்பராப் பக்கம் துளி இருந்தால், அது சமையல் ஆவியும் நம் மூச்சும் குளிர்ந்து படிந்த ஈரம். சுவரில் குற்றமில்லை. ஜன்னலைத் திறந்து காற்று வரவிட்டால் அது குறையும்.

இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தால் விரும்பிய பெயின்டைத் தெரிவு செய்யலாம்.

உள்ளிருந்து ஈரம் வருகிறது என்று கண்டால், பெயின்ட் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முதலில் லயத்துக்குப் பின்னால் போய்க் கானைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் அள்ளுங்கள். கூரைத் தகரத்தில் ஓட்டை இருந்தால், பீலி உடைந்திருந்தால் அதை அடையுங்கள். ஒரு லயத்தார் எல்லாரும் சேர்ந்து அரை நாள் வேலை செய்தால் கான் சீராகிவிடும். கான் இடிந்து புதிதாகக் கட்ட வேண்டிய நிலை என்றால் அது குடும்பத்தின் வேலையல்ல. தோட்ட நிர்வாகத்துக்கும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். கடிதம் எழுத நலன்புரி உத்தியோகத்தர் உதவுவார்.

காம்பரா காம்பராவாகப் பார்ப்போம்

இஸ்தோப்பு: வெளிச் சாரல் படும் இடம். ஆட்கள் சாய்ந்து உட்காருவதும், கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும் சாத்துவதும் இங்கேதான். சுவர் உலர்ந்ததாக இருந்தால் கீழ்ப்பாதிக்கு வெளிச்சுவருக்கென்று விற்கும் எமல்ஷனில் இளம் மினுக்கமானதைப் பூசலாம். தரைக்கும் படிக்கும் மினுங்கும் பெயின்ட் வேண்டாம். சாரல் பட்டால் வழுக்கும். இருட்டோடு வேலைக்கு இறங்குபவர்களும் வயதானவர்களும் விழுந்தால் பெயின்டுக் காசைவிட வைத்தியச் செலவு கூடிவிடும்.

படுக்கும், இருக்கும் காம்பரா: மேற்சுவர் மங்கலாக இருப்பதே நல்லது. "குளொஸ் அடிச்சா வெளிச்சம் கூடும்" என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம் கூட்டுவது வெள்ளை நிறம், மினுக்கம் அல்ல. சிறு ஜன்னல் மட்டும் உள்ள காம்பராவில் மங்கல் வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பும். மினுங்கும் சுவரோ பல்ப் வெளிச்சத்தை ஒரே இடத்தில் திருப்பி அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குக் கண் கூசும். கட்டில் ஓரம், பிள்ளைகள் கைவைக்கும் உயரம் ஆகிய கீழ்ப்பாதிக்கு மட்டும் சில்க் போதும்.

குசினி: விறகடுப்பு எரியும் குசினியில் புகைக்கரி எங்கும் படியும். கரி படிந்த மெட் சுவரைத் துடைக்க முடியாது. ஆகவே பாத்திரம் வைக்கும் இடம், தண்ணீர் படும் இடம் ஆகியவற்றுக்குத் தண்ணீர் கலக்கும் செமி குளொஸ் பொருத்தம். வாரம் ஒரு தடவை சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். ஆனால் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவருக்கும் பக்கச் சுவருக்கும் எந்தப் பெயின்டும் வேண்டாம். சூட்டில் பெயின்ட் கருகும், கெட்ட புகை வரும். அந்த இடத்துக்குச் சுண்ணாம்பே போதும். வருசம் ஒரு தடவை, முடிந்தால் இரண்டு தடவை பூசிக்கொள்ளுங்கள். வெள்ளை எனமலைக் குசினிக்குள் பூசினால் இன்னொரு குறையும் உண்டு. வெயில் வெளிச்சம் படாத இடத்தில் எண்ணெய்ப் பெயின்ட் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.

கழிவறை, குளிக்கும் இடம்: தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை வழுவழுப்பான சீமெந்துப் பூச்சும், அது நன்றாகக் காய்ந்த பிறகு செமி குளொஸும் ஏற்றது. மேலே காற்றுப்போக ஓட்டை இல்லையென்றால் எந்தப் பெயின்ட் அடித்தாலும் கரும்பூஞ்சணம் பிடிக்கும்.

கதவு, ஜன்னல், மரச்சட்டம்: இங்கேதான் குளொஸ் எனமலுக்கு உண்மையான வேலை. மழைத் தண்ணீர் வழிந்தோடும், கை அழுக்கு துடைத்தால் போகும். இரும்பாக இருந்தால் துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் அடிப்பூச்சு ஒன்று பூசிய பிறகே எனமல் பூச வேண்டும். மரக்கதவின் அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் பூச மறக்க வேண்டாம். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

பிள்ளைமடுவம்: பெற்றோர் குழுக்கள் சிரமதானம் செய்து பெயின்ட் பூசும்போது, பிள்ளைகளின் கையெட்டும் உயரம் வரை துடைக்கக்கூடிய சில்க், அதற்கு மேலே வெள்ளை மெட் என்று வைத்துக்கொண்டால் சுத்தம் பேணுவது இலகு.

அரைச்சுவர் முறை: பாதிச் செலவு

மேலே சொன்னதைக் கவனித்தால் ஒன்று விளங்கும். சுவர் முழுவதற்கும் விலை கூடிய பெயின்ட் தேவையில்லை. அழுக்குப்படும் கீழ்ப்பாதிக்கு மட்டும் மினுக்கம், மேற்பாதிக்குச் சுண்ணாம்பு அல்லது மெட். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 அடிக்கு 12 அடிக் காம்பரா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரம் 8 அடி என்றால் மொத்தம் 352 சதுர அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் கழித்தால் ஏறக்குறைய 320 சதுர அடி. நம் சுவர்கள் சொரசொரப்பானவை. ஆகவே 1 லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 100 சதுர அடி வரும் என்று கணக்கெடுத்தால் பிழையில்லை. இரண்டு பூச்சுக்கு 6 லீற்றருக்கு மேல் வேண்டும்.

கீழே 4 அடிக்கு மட்டும் பூசினால்? 44 அடியை 4 ஆல் பெருக்க 176. கதவைக் கழித்தால் சுமார் 160 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 3 லீற்றருக்குச் சற்று மேல். ஒரு 4 லீற்றர் டின் போதும், மிச்சமும் வரும்.

லயத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே நிறத்துக்குச் சம்மதித்தால் 10 லீற்றர் வாளி ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். சிறு டின்களாக வாங்குவதைவிட லீற்றர் கணக்கில் விலை குறைவாக வரும்.

இதில் ஓர் எச்சரிக்கை. அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவரில் கீழ்ப்பாதிதான் அதிக ஈரமான இடம். பொலித்தீன் பரிசோதனையில் கீழே துளி கண்டவர்கள் அரைச்சுவர் முறையைச் செய்ய வேண்டாம். கான் சீராகி, சுவர் ஒரு வெயில் காலம் உலரும் வரை மேலும் கீழும் சுண்ணாம்பே பூசுங்கள். அது ஏழ்மையின் அடையாளமல்ல. அந்தச் சுவருக்கு அதுதான் சரியான மருந்து.

பூசுமுன் செய்ய வேண்டியவை

சுண்ணாம்பு பூசிய சுவரின் மேல் அப்படியே எமல்ஷன் பூசினால் நிற்காது. சுண்ணாம்புத் தூளில் ஒட்டிக்கொண்டு தூளோடு உரிந்து வரும். உதிரும் சுண்ணாம்பை நனைத்துச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, வோல் பிரைமர் ஒரு பூச்சுக் கொடுத்த பிறகே எமல்ஷன் பூச வேண்டும். அதேபோல எமல்ஷன் மேல் சுண்ணாம்பும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு பூசுவது வீண் வேலை.

பூஞ்சணம் பிடித்த இடத்தை மூடிப் பூசினால் அது உள்ளே வளர்ந்து மறுபடி வெளியே வரும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள். கழிவறை சுத்தம் செய்யும் அமிலத்தை அதோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

புதிய வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் கட்டப்பட்ட வீடு பெற்ற குடும்பங்கள் பல. குடிபுகும் அவசரத்தில் சீமெந்துப் பூச்சுக் காயுமுன் எனமல் அடிப்பதைக் காண்கிறோம். புதிய சீமெந்தில் காரம் அதிகம். எண்ணெயும் காரமும் ஈரத்தில் சேர்ந்தால் சவர்க்காரம் ஆகும். சவர்க்காரம் செய்வதே அப்படித்தானே. சுவரில் பூசிய எண்ணெய்ப் பெயின்டும் அப்படியே பிசுபிசுத்து இளகி உரியும். சீமெந்துப் பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள், குளிரும் மழையும் உள்ள காலத்தில் இரண்டு மாதம் பொறுத்து, காரம் தாங்கும் பிரைமர் பூசி, அதன் மேல் எமல்ஷன் பூசுங்கள்.

சுண்ணாம்பு பூசுபவர்கள் முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் துணியால் வடித்துக்கொள்ள வேண்டும். பால் பதத்தில் இருக்கட்டும். சுவரை நனைத்துவிட்டு, தடிப்பாக ஒரு தடவை பூசுவதற்குப் பதிலாக மெல்லியதாக மூன்று தடவை பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் வெடித்து உதிரும். கொஞ்சம் நீலம் சேர்த்தால் வெண்மை எடுப்பாக இருக்கும். கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணித்தியாலம் விடாமல் கழுவி, தோட்ட வைத்திய நிலையத்துக்குப் போங்கள்.

எந்த மாதத்தில் பூசுவது?

நாம் பெயின்ட் பூசுவது பண்டிகையைப் பார்த்து. சுவர் காய்வது காலநிலையைப் பார்த்து. இரண்டும் எப்போதும் பொருந்தி வருவதில்லை.

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் உலர்ந்த காலம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வருசக் கடைசியிலும் தையிலும் வடகீழ் மழை. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை உலர்ந்த காற்று வீசும். நல்ல வாசத் தேயிலை கிடைக்கும் பருவம் என்று பெக்டரியில் சொல்லும் மாதங்களை நினைவில் வையுங்கள். தேயிலைக்கு வாசம் தரும் அதே உலர்ந்த காற்றுத்தான் சுவரையும் காயவைக்கும்.

தீபாவளி வரும் ஐப்பசியோ இரண்டு பக்கமும் மழை பெய்யும் காலம். ஆகவே தீபாவளிக்கு வீட்டைத் துடைத்து, அடுப்படிக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, பெயின்டுக்கான காசை ஒதுக்கி வையுங்கள். ஹட்டன் பக்கத்தார் பொங்கலோடு பூசலாம். ஊவாப் பக்கத்தார் ஆனி, ஆடி வரை பொறுப்பது நல்லது. எந்த மாதமானாலும் காலை ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்கி, மூடுபனி இறங்குமுன் முடித்துவிடுங்கள். காயாத குளொஸ் மேல் பனி படிந்தால் மினுக்கம் செத்துவிடும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

பழைய எனமல் பெயின்டுகளில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் சேர்த்தார்கள். நம் நாட்டில் பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் பணிப்புரை 2011 இல் வெளியாகி, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது விதித்த எல்லை, ஒரு கிலோவுக்கு எமல்ஷனில் 90 மில்லிகிராம், எனமலில் 600 மில்லிகிராம். அதற்கு முன் பூசிய கதவு, ஜன்னல், தொட்டில், அலமாரி ஆகியவற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்றே எண்ணி நடக்க வேண்டும்.

ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். அதனால் பழைய பெயின்டைச் சேன்ட் பேப்பரால் காய்ந்தபடி தேய்க்க வேண்டாம். நெருப்புக் காட்டி உரிக்கவும் வேண்டாம். தண்ணீரால் நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, விழும் செதில்களைப் பொறுக்கிக் கட்டிப் போடுங்கள். அடுப்பில் போட வேண்டாம். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் அந்த வேலை முடியும் வரை வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஒரே காம்பராவில் எல்லாரும் படுக்கும் வீட்டில் எனமல் பூசினால் குறைந்தது இரண்டு இரவாவது கைப்பிள்ளையையும் இளைப்பு உள்ளவர்களையும் பக்கத்து வீட்டில் படுக்கவையுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடிவைத்தால் டின்னர் ஆவி உள்ளேயே நிற்கும். அடுப்பு எரியும்போது டின்னர் போத்தலைத் திறக்கக்கூடாது.

மிஞ்சிய டின்னரையோ மண்ணெண்ணெயையோ சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இன்னும் கூடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஞாபகத்தில் வைக்க

ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு.
மேடு பள்ளமான உலர்ந்த மேற்சுவருக்கு மெட்.
கை படும், தண்ணீர் படும் உலர்ந்த சுவருக்குச் சில்க் அல்லது செமி குளொஸ்.
மரத்துக்கும் இரும்புக்கும் குளொஸ்.
அடுப்படிக்கும் படிக்கும் மினுக்கம் வேண்டாம்.

முற்பணம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கே ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் ஒட்டுங்கள். நாளைக்கு அது சொல்வதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏதும் விளங்காவிட்டால் உங்கள் தோட்ட நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். சுவரை வந்து பார்க்கச் சொன்னாலும் வருவோம்.